மரபுக்கு வெளியே நிறுத்தப்பட்ட வீடு

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடுகளை நிரந்தரமானவை, பாதி நிரந்தரமானவை, தற்காலிகமானவை என்று பிரிக்கிறது. சுவரும் கூரையும் எதனால் ஆனவை என்பதுதான் அளவுகோல். சுட்ட செங்கல், கருங்கல், சிமென்ட், துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு ஆகியவை நிரந்தரப் பட்டியலில் வரும். மண், பச்சைச் செங்கல், மூங்கில், மரம், புல் ஆகியவை தற்காலிகப் பட்டியலில் வரும். பிளாஸ்டிக்கும் பாலித்தீனும் இதே பட்டியலில்தான் இருக்கின்றன. சென்னையில் பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டிய கூடாரமும், ஜவ்வாது மலையில் தாத்தா எழுப்பிப் பேரன் பூசிவரும் மண்சுவர் வீடும் கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன.

இருபதாம் நூற்றாண்டுக் கட்டடக்கலையில் மரபுவாதம் என்ற ஒன்றைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். கான்கிரீட்டும் கண்ணாடியும் உலகெங்கும் ஒரே முகத்தைக் கொடுத்துவந்த காலத்தில், தங்கள் மண்ணின் கட்டுமுறையை விடமாட்டோம் என்று நின்றவர்களின் கதை அது. தமிழ்நாட்டிலும் அந்தக் கதைக்கு நீண்ட அத்தியாயம் உண்டு. ஆனால் அந்த அத்தியாயத்தில் மலைவீட்டுக்கு ஒரு பத்தி கூட இல்லை. எது மரபு என்று தீர்மானித்தவர்கள் யார், அந்தத் தீர்மானத்தில் மலையாளிப் பழங்குடி மக்களின் வீடு எப்படி விடுபட்டது என்று கேட்டுப் பார்க்க ஜவ்வாது மலையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களுக்கு நடுவே கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாக ஜவ்வாது மலை கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் அதன் மையம். மேற்கே புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று ஊர்த்தொகுதிகளே நாடுகளாக அழைக்கப்படுகின்றன. காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து மலையேறி வந்தவர்களின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் மலையாளிப் பழங்குடியினர்தான் பெரும்பான்மை. சாமை, ராகி, புளி, தேன், பலா என்று போகிற வாழ்க்கை.

இந்த மலையில் பெருங்கற்காலக் கட்டுமானமும் உண்டு. ஜமுனாமரத்தூரைச் சுற்றிய ஊர்களில் பலகைக் கற்களை நான்கு பக்கமும் நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லைப் படுக்கவைத்த கற்திட்டைகள் இருக்கின்றன. இறந்தவர்களுக்காக எழுப்பியவை அவை. கல்லால் கட்டத் தெரியாததால் இங்கே மண்வீடு வந்தது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கல் காலடியிலேயே கிடக்கிறது, அதைத் தூக்கி நிறுத்திய கைகளும் இங்கே இருந்திருக்கின்றன. ஆனாலும் உயிரோடிருப்பவர்கள் மண்ணையும் புல்லையும் எடுத்திருக்கிறார்கள்.

ஏன் என்பதை வீடு கட்டும் முறையே காட்டிக்கொடுக்கும். இடத்துக்கு அருகிலேயே மண் வெட்டித் தண்ணீர் விட்டு, தாளோ வைக்கோலோ சேர்த்து மிதித்துக் குழைப்பார்கள். ஓரடி, ஒன்றரையடி உயரத்துக்கு ஒரு வரிசை வைத்துக் காயவிட்ட பிறகே அடுத்த வரிசை ஏறும். அவசரப்பட்டால் சுவர் பிதுங்கிவிடும். இன்னொரு முறையில் மூங்கில் தட்டியைப் பின்னி இரண்டு பக்கமும் மண் பூசுவார்கள். முகட்டு வளை, கைமரம், வரிச்சு என்று கூரைச்சட்டம் எழும், அதன்மேல் புல் வேய்வார்கள். இறவாரம் மனிதன் குனிந்து நுழையும் அளவுக்குத் தாழ்ந்து வரும். இந்தத் தாழ்வைப் பலர் ஏழ்மையின் அடையாளமாகப் பார்க்கிறார்கள். மண்சுவருக்கு எதிரி சாய்ந்து அடிக்கும் மழை. இறவாரம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு காலம் சுவர் நிற்கும். உள்ளே அடுப்பு எரியும்போது புகை மேலேறிப் புல்லுக்குள் நுழைந்து வெளியே போகும், அந்தப் புகை மூங்கிலையும் புல்லையும் பூச்சியிடமிருந்து காக்கும். பரணில் கிடக்கும் விதைத் தானியத்துக்கும் அதே காவல். திண்ணை, தரை, சுவர் எல்லாவற்றிலும் சாணமும் மண்ணும் சேர்த்து மெழுகுவது பெண்களின் கைவேலை. அது அழகுக்காகவும் விழாவுக்காகவும் மட்டும் செய்வதென்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். சுவரில் விழுந்த விரிசலைப் பெரிதாகும் முன் அடைக்கிற பராமரிப்பு வேலை அது.

இப்படிப்பட்ட வீட்டில் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் வேறுவேறு வேலையல்ல. கட்டியவரே குடியிருக்கிறார், குடியிருப்பவரே திருத்துகிறார். கூரை மாற்றும்போது ஊரே வந்து நிற்கும். எனக்கு மரபு என்று தோன்றுவது இந்த ஏற்பாடுதான். தூணின் வடிவத்தையும் கூரையின் சாய்வையும் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம், இந்த ஏற்பாட்டைப் படமெடுக்க முடியாது.

தமிழ்நாட்டு மரபுவாதம் இதைத் தேடிப் போகவில்லை. அதன் தொடக்கத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1884இல் சென்னைக் கலைப் பள்ளிக்குப் பொறுப்பேற்று வந்த இ.பி. ஹாவெல், பொதுப்பணித் துறையின் பொறியாளர்கள் இந்தியக் கொத்தர்களையும் தச்சர்களையும் வெறும் கூலிகளாக ஆக்கிவிட்டார்கள் என்று கண்டார். புது தில்லியைக் கட்டும் பேச்சு எழுந்தபோது அந்த வேலையை இந்திய மரபுக் கட்டடக் கலைஞர்களிடம் கொடுக்க வேண்டும் என்று வாதாடினார். 1913இல் வந்த அவருடைய இந்தியக் கட்டடக்கலை நூலின் பின்னால் இந்த வாதம் இருக்கிறது. புது தில்லியை வடிவமைத்த லட்யன்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஹாவெலின் வாதத்தின் உயிர்நாடி எனக்கு மிகவும் உவப்பானது. வரைபடம் ஒருவர் கையிலும் கல் இன்னொருவர் கையிலும் பிரிந்தால் கட்டடம் செத்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆனால் அவர் எடுத்துக்காட்டாகக் கைநீட்டியவை பெரும்பாலும் கோயிலும் அரண்மனையும் மசூதியுமே. மரபு என்றால் பெருங்கட்டடம் என்ற எண்ணம் அப்போதே வேர்பிடித்துவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வேர் அரசின் தோட்டத்துக்கு வந்தது. 1957இல் மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி தொடங்கியது. வை. கணபதி ஸ்தபதி அதன் தலைவராக நீண்ட காலம் இருந்தார். 1973இல் பூம்புகார்ச் சிலப்பதிகாரக் கலைக்கூடம், 1976இல் வள்ளுவர் கோட்டம், 2000ஆம் ஆண்டின் முதல் நாளில் குமரியில் 133 அடி வள்ளுவர் சிலை. இவை வெறும் நகலெடுப்பு என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கல் வேலை தெரிந்த பல குடும்பங்கள் இவற்றால் தொழிலில் நின்றன. சிற்பநூல்களின் அளவுமுறை பாடமாக வகுப்பறைக்குள் வந்தது. வள்ளுவர் கோட்டத்தில் திருவாரூர்த் தேரை மாதிரியாக வைத்து எழுந்த கல்தேர் ஒரு பக்கமும், தூணில்லாத பெரிய கூடம் ஒரு பக்கமும் இருக்கின்றன. கல் உத்தரத்தால் அப்படியொரு கூடத்தை மூட முடியாது, கான்கிரீட் இல்லாமல் அது இல்லை. மரபும் புதுமையும் அங்கே ஒரே வளாகத்தைப் பங்கிட்டுக்கொண்டன. ஆனால் அதே அரசு, அதே பத்தாண்டுகளில், கிராமத்து வீட்டை நினைத்தபோது அதற்கு மரபு எதுவும் இருப்பதாக நினைக்கவே இல்லை. கோயிலுக்குச் சிற்பநூல், குடிசைக்குப் பொறியாளரின் வரைபடம் என்று வேலை பிரிந்துவிட்டது.

நடுத்தர வர்க்கத்தின் மரபுவாதம் இன்னொரு பக்கம் போனது. செட்டிநாட்டு வீடுகள் இடிபடும்போது அவற்றின் பர்மா தேக்குத் தூண்களும் கதவுகளும் காரைக்குடிக் கடைகளுக்கு வந்து, அங்கிருந்து நகரத்துப் புது வீடுகளின் வரவேற்பறைக்குப் போயின. பொருளாவது பிழைத்தது என்று ஆறுதல் கொள்ளலாம். 1996இல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா இதைவிடப் பொறுப்பான வேலையைச் செய்தது. தென்மாநிலங்களின் வீடுகளைப் பிரித்தெடுத்து வந்து அங்கே மறுபடி எழுப்பினார்கள். லாரி பேக்கரின் திட்ட வரைவு அதற்கு அடித்தளம். இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மரத்தால் ஆன வீட்டை எண் போட்டுப் பிரித்து லாரியில் ஏற்றலாம். மண்வீட்டைப் பிரித்தால் கையில் மிஞ்சுவது மண். அதைக் கட்டத் தெரிந்தவரைக் கூட்டிவந்து புதிதாகத்தான் கட்டவேண்டும். காப்பாற்றுதல் என்ற சொல்லுக்குப் பொருளைக் காப்பாற்றுதல் என்று மட்டுமே அர்த்தம் கொள்ளும் மரபுவாதம், மலைவீட்டின் வாசலில் கைவிரித்து நிற்க வேண்டியதுதான்.

லாரி பேக்கரின் பெயர் வந்ததால் அவரிடம் கொஞ்சம் நின்று போக வேண்டும். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, 1945இல் தொழுநோயாளிகளுக்கான பணிக்காக இந்தியா வந்தவர். இமயத்தில் பித்தோராகட்டில் பதினைந்து ஆண்டுகள்போல வாழ்ந்தார். தான் படித்த கட்டடக்கலை அந்த மலையில் செல்லாது என்பதையும், அங்கிருந்தவர்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துக் கட்டுவதில் தன்னைவிடத் தேர்ந்தவர்கள் என்பதையும் அங்கேதான் கற்றார். பிறகு கேரளத்தில் வாகமண் மலையிலும் திருவனந்தபுரத்திலும் அவர் செய்தவை எல்லாம் அந்தப் பாடத்தின் தொடர்ச்சி. செங்கல்லைக் குத்தாக வைத்து நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் அவருடைய சுவர்முறை, செங்கல்லில் ஏறத்தாழ கால்வாசியை மிச்சப்படுத்தும். சுற்றுவட்டத்தில் சில மைல்களுக்குள் கிடைக்கும் பொருளாலேயே கட்டு என்று காந்தி சொன்னதை அவர் வாழ்நாள் விதியாக வைத்துக்கொண்டார். மேல்தட்டு வீடுகளுக்கும் மீனவர் குடியிருப்புகளுக்கும் அவர் ஒரே கவனத்தோடு வரைந்தார். தட்பவெப்பம், பொருள், கைத்தொழில், செலவு நான்கையும் ஒன்றாகப் பார்த்ததால்தான் அவரை மரபுவாதி என்று மனமார அழைக்க முடிகிறது, அவர் எந்தப் பழைய வடிவத்தையும் அப்படியே திருப்பிக் கட்டாதவராக இருந்தும்.

மண்ணை நம்பியவர்கள் எல்லோரும் வென்றதில்லை. எகிப்தில் ஹசன் ஃபாத்தி 1940களின் நடுவில் லக்சோர் அருகே புதிய குர்னா என்ற கிராமத்தைப் பச்சைச் செங்கல்லாலும் நூபிய வளைவுக் கூரைகளாலும் கட்டினார். கட்டடங்கள் அழகானவை, உலகமெங்கும் மாணவர்கள் இன்றும் அவற்றைப் படிக்கிறார்கள். ஆனால் பழைய கல்லறைகளின் மேல் குடியிருந்த மக்கள் அங்கே போக மறுத்தார்கள். அவர்களுடைய பிழைப்பு பழைய இடத்தில் இருந்தது, புதிய இடத்தைத் தேர்ந்தெடுத்தது அவர்களல்ல. திட்டம் பாதியில் நின்றது. பொருள் உள்ளூர்ப் பொருளாக இருந்தால் மட்டும் போதாது, முடிவும் உள்ளூரில் எடுக்கப்பட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. அதே ஃபாத்தியின் பெயரிலான, ஏழைகளுக்கான கட்டடக்கலை விருது 1992இல் ஆரோவில்லின் பார்வையாளர் மையத்துக்குக் கிடைத்தது. சிறிது சிமென்ட் கலந்து அழுத்திய மண்கட்டிகளால் ஆன கட்டடம் அது. ஜவ்வாது மலையிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் அந்த ஊரில் மண்ணுக்கு உலக விருது, மலையில் அதே மண்ணுக்குத் தற்காலிகம் என்ற முத்திரை.

இலங்கையில், கண்டியில் கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா செய்ததை இங்கே அதிகம் பேசுவதில்லை. 1950களின் பிற்பகுதியில் அரசு ஊழியர்களுக்காக வட்டபுளுவ குடியிருப்பை அமைத்தபோது, குடிவரப் போகிறவர்களுக்கு அவர் முதலில் வினாத்தாள் அனுப்பினார். எப்படிச் சமைக்கிறீர்கள், எங்கே உட்காருகிறீர்கள், வழிபாட்டுக்கு இடம் வேண்டுமா என்பது போன்றவற்றை அறிந்து, பல வகை வீடுகளை வரைந்து, மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல் சரிவோடு சேர்த்து வைத்தார். இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். அரசுத் திட்டமாக இருந்தும், எண்ணிக்கை பெரிதாக இருந்தும் கேட்டுக் கட்ட முடியும் என்று ஒரு மலைநகரத்தில் நிரூபித்துக் காட்டியவர் அவர்.

ஜவ்வாது மலையில் யாரும் கேட்கவில்லை. 1985இல் தொடங்கிய இந்திரா குடியிருப்புத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகள் காகிதத்தில் நன்றாகவே இருந்தன. ஒரே மாதிரி வரைபடத்தைத் திணிக்கக் கூடாது, ஒப்பந்ததாரர் கூடாது, உள்ளூர்ப் பொருளைப் பயன்படுத்த வேண்டும் என்றெல்லாம் அவை சொல்லின. தமிழ்நாடு அதற்குமேல் கான்கிரீட் கூரைக்கென்று தன் நிதியைத் தனியாகச் சேர்த்தது. நல்லெண்ணத்தால் செய்ததுதான். ஆனால் பணம் கூரைக்கு வந்து, கூரை கான்கிரீட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றானபின், கீழே உள்ள சுவர், அறை, கொத்தனார், மணல் எல்லாம் கீழ்நாட்டிலிருந்து வந்தாக வேண்டும். 2010இல் 21 லட்சம் குடிசைகளை மாற்றும் இலக்கோடு கலைஞர் வீட்டு வசதித் திட்டம், 2011இல் 300 சதுர அடியில் பசுமை வீடுகள். கடலோரத்துக்கும் மலைக்கும் ஒரே வரைபடம். மலைப்பாதையில் ஏறும் ஒவ்வொரு மூட்டை சிமென்டுக்கும் ஏற்றுகூலி தனி, ஆனால் உதவித்தொகை சமவெளிக்காரருக்கும் மலைக்காரருக்கும் பெரிய வித்தியாசமில்லாமல் வந்தது.

கான்கிரீட் கூரையின் இயல்பை ஜவ்வாது மலையிலேயே வேறொரு கூட்டம் மிக நுட்பமாக அறிந்திருந்தது. காவலூரில் 725 மீட்டர் உயரத்தில் 1968இல் வானாய்வு தொடங்கியது. 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது, 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டு, 1982இல் மறைந்த வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் அந்த வளாகத்துக்குச் சூட்டப்பட்டது. வானியலாளருக்குக் கட்டடத்தின் வெப்பம் தீராத கவலை. பகலில் வாங்கிய சூட்டை இரவில் சுவரும் கூரையும் விட்டால், மேலெழும் காற்று நட்சத்திரத்தின் பிம்பத்தைக் குலைத்துவிடும். அதனால் உலகில் எந்தத் தொலைநோக்கிக் கூடமும் இரவுக் காற்றின் வெப்பநிலைக்குச் சீக்கிரம் இறங்கும்படி யோசித்துத்தான் கட்டப்படுகிறது. அரசு தரும் தொகுப்பு வீட்டின் நான்கைந்து அங்குலக் கான்கிரீட் கூரைக்கும் அதே பௌதிகம்தான். கோடையில் பகல் சூட்டை முன்னிரவில் தலைக்குமேல் இறக்கும், மார்கழியில் உள்ளிருக்கும் கதகதப்பைத் தங்கவிடாது. புல்லோ வெப்பத்தைக் கடத்துவதில் கான்கிரீட்டைவிடப் பத்து மடங்குக்கும் மேல் மந்தமானது. நட்சத்திரத்துக்காகச் செய்த கணக்கைத் தூங்குகிற குழந்தைக்காகவும் செய்திருக்கலாம்.

இவ்வளவு சொன்னபின் மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மலைமக்கள் கான்கிரீட் வீட்டைக் கேட்டு மனு கொடுக்கிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம். புல்கூரை தீப்பிடிக்கும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கரையான் ஏறும், தேள் வரும். கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிவேலைக்குப் போய்விட்ட குடும்பத்தில் கூரை வேய ஆள் எங்கே? பூட்டிவிட்டுப் போகத் தகுந்த கதவும், பிள்ளைகளின் சான்றிதழ் நனையாத மூலையும் அவர்களுக்குத் தேவை. மண்வீட்டில் இருப்பவன் என்ற ஏளனத்தையும் அவர்கள் பொறுத்திருக்கிறார்கள். நகரத்தில் இருந்துகொண்டு அவர்களைப் புல்கூரையிலேயே இருக்கச் சொல்வது அநியாயம்.

ஆனால் புல்கூரை அவர்களுக்குக் கடினமானது வெறும் காலமாற்றத்தால் அல்ல. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காட்டை ஒதுக்கிய நாளிலிருந்து மூங்கிலும் மரமும் புல்லும் கேட்டு வாங்கும் பொருள்களாயின. ஜவ்வாது சந்தனக் காடு. திருப்பத்தூரில் வனத்துறையின் சந்தனக் கிடங்கே இருக்கிறது. அப்படிப்பட்ட காட்டில் கத்தியோடு போகிற மனிதன்மேல் முதலில் விழுவது சந்தேகம். ஒரு கைமரம் வெட்டினால் வழக்கு வரும் என்றால் கூரைச்சட்டம் எப்படி எழும்? 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறுவன மகசூலாக ஏற்று உரிமை கொடுத்தது. தமிழ்நாட்டில் அதன்படி உரிமைப் பட்டா கொடுப்பது நீதிமன்ற உத்தரவால் பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்து, 2016க்குப் பிறகே நகர்ந்தது. அதற்குள் ஒரு தலைமுறை கூரை வேயாமல் வளர்ந்துவிட்டது. மண்வீடு மக்களின் ரசனையில் தோற்றது என்று எழுதுவது வரலாற்றை மறைப்பது. பொருள் கைவிட்டுப் போனது, கைப்பழக்கம் அதன் பின்னால் போனது.

முழுதும் போய்விடவில்லை. தொகுப்பு வீட்டைக் கொடுத்த பிறகு மக்கள் அதை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். வாசலை ஒட்டி நான்கு கால் நட்டு ஒரு சாய்ப்பு இறக்குகிறார்கள், புல்லோ தென்னங்கீற்றோ தகரமோ கைக்கு வந்ததைப் போட்டு. அடுப்பு அங்கே போகிறது. உட்கார்ந்து புளி தட்டுவதும், சாமை புடைப்பதும், விருந்தாளியை உட்காரவைப்பதும் அங்கே. கான்கிரீட் அறைக்குள் தானிய மூட்டையும் பெட்டியும் தொலைக்காட்சியும் இருக்கும். முன்பக்கத் தரையைச் சாணத்தால் மெழுகி வைத்திருப்பார்கள். ஆய்வு அதிகாரிகள் இதை ஆக்கிரமிப்பு என்றோ வளர்ச்சியின்மை என்றோ எழுதலாம். தமிழ்நாட்டு நவீனக் கட்டடக்கலையில் உயிரோடிருக்கும் மரபு எது என்று கேட்டால் நான் இந்தச் சாய்ப்பைக் காட்டுவேன். புதுப் பொருளையும் பழைய வாழ்வையும் யாருடைய அனுமதியும் இல்லாமல் இணைத்த கட்டுமானம் அது.

2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லத் திட்டத்தில் ஒரு சிறிய இடைவெளி திறந்திருக்கிறது. 360 சதுர அடியில் 300 கான்கிரீட் கூரை, மிச்சம் 60 சதுர அடிக்குப் பயனாளி விரும்பும், தீப்பிடிக்காத வேறு கூரை. அறிந்தோ அறியாமலோ சாய்ப்புக்கு அரசு இடம் கொடுத்துவிட்டது. மலைப்பகுதிக்கு அந்தக் கணக்கை மாற்றியமைக்க முடியும். சான்றிதழும் தானியமும் பூட்டும் இருக்க வேண்டிய ஓர் அறை கான்கிரீட்டில் இருக்கட்டும். மீதிப் பரப்பு மண்சுவரிலும் ஓட்டுக்கூரையிலும் எழ உதவித்தொகை கிடைக்கட்டும். வன உரிமைச் சட்டத்தின் கீழ் கிராமசபைகளுக்கு மூங்கில் தோப்பு ஒதுக்கப்படட்டும். ஜமுனாமரத்தூரில் கொத்தனார் பயிற்சி நடக்கும்போது மண் குழைக்கத் தெரிந்த முதியவர்கள் கூலி வாங்கும் ஆசிரியர்களாக அந்த வகுப்பில் நிற்கட்டும். கணக்கெடுப்பின் வகைப்பாட்டில் மண்ணைப் பாலித்தீனின் பட்டியலிலிருந்து வெளியே எடுக்க ஒரு வரி திருத்தம் போதும்.